துப்பாக்கி தேசம் – 9: ஏழு நாள், ஆறு ஓட்டு

சென்ற வாரம் விட்ட இடம் நினைவிருக்கும். கொலம்பைன் பள்ளிப் படுகொலை நடந்து சரியாக ஒரு மாதம். 1999 மே 20. செனட்டில் ஐம்பதுக்கு ஐம்பது என்று தராசு சமமாக நிற்க, துணை ஜனாதிபதி அல் கோர் தன் வாக்கைப் போட்டு துப்பாக்கிச் சந்தை மசோதாவை ஜெயிக்க வைத்தார். அடுத்த மாதமே பிரதிநிதிகள் சபையில் அந்த முயற்சி செத்தது. சட்டத்தில் இருந்த ஓட்டை அப்படியே கிடந்தது.

பதினான்கு வருடங்கள் ஓடின.

2013 ஏப்ரல் 10, புதன்கிழமை. வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தில் இரண்டு செனட்டர்கள் நிருபர்கள் முன்னால் வந்து நின்றார்கள். ஒருவர் மேற்கு விர்ஜீனியாவின் ஜோ மான்சின், ஜனநாயகக் கட்சி. மற்றவர் பென்சில்வேனியாவின் பேட் டூமி, குடியரசுக் கட்சி. கட்சிதான் வேறு. இரண்டு பேருக்கும் தேசிய ரைபிள் சங்கமான என்.ஆர்.ஏ. கொடுத்திருந்த மதிப்பெண் ‘ஏ’.

அதிலும் மான்சின் சாதாரண ஆள் இல்லை. 2010 தேர்தலில் இவர் கொடுத்த டி.வி. விளம்பரம் அமெரிக்கா முழுக்கப் பேசப்பட்டது. கையில் ரைபிள். தூரத்தில் ஒரு காகிதக் கட்டு. அது கரியமில வாயுவுக்கு வரம்பு கட்டும் மசோதாவின் நகல். நிலக்கரி மாநிலத்துக்காரருக்குப் பிடிக்காத மசோதா. குறிபார்த்து ஒரே சூடு.

மசோதாவைச் சுட்ட அதே மனிதர், இப்போது துப்பாக்கி விற்பனைக்குக் கட்டுப்பாடு கொண்டுவரும் மசோதாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். என்ன ஆயிற்று இவருக்கு?

குழந்தைகளின் பெற்றோர்

2012 டிசம்பர் 14. கனெக்டிகட் மாநிலம், நியூடவுன் ஊர், சாண்டி ஹூக் ஆரம்பப் பள்ளி. ஆறும் ஏழும் வயதான இருபது குழந்தைகள், பள்ளியில் வேலை பார்த்த ஆறு பெரியவர்கள். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது.

2013 ஏப்ரல் 8 அன்று ஒபாமா கனெக்டிகட்டில் பேசிவிட்டு வாஷிங்டன் திரும்பியபோது, ஜனாதிபதியின் விமானத்திலேயே அந்தக் குழந்தைகளின் பெற்றோர் சிலரையும் ஏற்றிக்கொண்டு வந்தார். அவர்கள் செனட்டர்களின் அறை அறையாக ஏறி இறங்கினார்கள். கையில் பிள்ளைகளின் போட்டோ. மான்சின் அவர்களோடு உட்கார்ந்து பேசினார். பிறகு நிருபர்களிடம் அதைச் சொல்லும்போது குரல் உடைந்து அழுதார்.

ஆனால் ஒரு உண்மையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். சாண்டி ஹூக் கொலையாளி பயன்படுத்திய துப்பாக்கிகள் அவனுடைய தாய் சட்டப்படி வாங்கி வீட்டில் வைத்திருந்தவை. அவளைத்தான் அவன் முதலில் கொன்றான். மான்சின் கொண்டுவந்த சட்டம் அன்றைக்கு அமலில் இருந்திருந்தாலும் அந்தப் படுகொலையைத் தடுத்திருக்காது. எதிரிகள் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை.

அப்படியானால் அந்தச் சட்டம் எதற்காக?

ஒரே கூரை, இரண்டு மேஜை

அமெரிக்காவில் லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கிக் கடைக்குள் நுழைவோம். ரைபிளைப் பார்த்தாகிவிட்டது, விலை பேசியாகிவிட்டது. கடைக்காரர் ஒரு படிவத்தை நீட்டுகிறார். அதன் எண் 4473. பெயர், முகவரி, பிறந்த தேதி. பிறகு வரிசையாகக் கேள்விகள். கடுங்குற்றத்தில் தண்டனை பெற்றவரா? போலீஸ் தேடும் ஆளா? போதைப் பழக்கம் உண்டா? நீதிமன்ற உத்தரவில் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவரா? குடும்ப வன்முறை வழக்கில் தண்டனை உண்டா? இந்தக் கடைசித் தடையை 1996இல் சட்டத்தில் சேர்த்தவர் நியூ ஜெர்சி செனட்டர் ஃபிராங்க் லாட்டன்பெர்க். 1999இல் கோர் ஜெயிக்க வைத்த மசோதாவும் இவருடையதுதான். பெயரை மறந்துவிடாதீர்கள், மறுபடி வருவார்.

படிவம் முடிந்ததும் கடைக்காரர் எஃப்.பி.ஐ.யின் சோதனை மையத்தைத் தொடர்புகொள்கிறார். பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும்: கொடுக்கலாம், காத்திருங்கள், கூடாது. மூன்றில் ஒன்று. ‘காத்திருங்கள்’ என்று சொல்லிவிட்டு மூன்று வேலை நாளில் முடிவு வராவிட்டால், கடைக்காரர் விரும்பினால் துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம். 1993இல் கிளின்டன் கையெழுத்திட்ட பிரேடி சட்டத்தின்படி, 1998 நவம்பர் 30 முதல் இப்படி நடக்கிறது.

இனி ஒரு துப்பாக்கிச் சந்தைக்குப் போவோம். சனி, ஞாயிறுகளில் பெரிய மண்டபத்தில் நடக்கும். முதல் மேஜை லைசென்ஸ் உள்ள வியாபாரியுடையது. படிவம், போன், பதில் எல்லாம் உண்டு. இரண்டாவது மேஜைக்காரர் வியாபாரி இல்லை. தன் சொந்தச் சேகரிப்பிலிருந்து நாலு துப்பாக்கியை விற்க வந்தவர். அவரிடம் படிவம் இல்லை, போனும் இல்லை. வாங்குபவர் அதே மாநிலத்துக்காரராக இருந்து, வாங்கத் தகுதியில்லாதவர் என்று இவருக்குத் தெரியாமலும் இருந்தால் போதும். பணத்தை வாங்கிக்கொண்டு கொடுத்துவிடலாம். மத்திய சட்டம் குறுக்கே வராது.

இன்டர்நெட் வந்த பிறகு இந்த இரண்டாவது மேஜை நாடு முழுக்க விரிந்துவிட்டது. விளம்பரம் போடு, போனில் பேசு, ஏதாவது ஒரு கடை வாசலில் சந்தி, கைமாற்று.

மான்சினும் டூமியும் கேட்டது ஒன்றுதான். சந்தையிலோ, விளம்பரம் கொடுத்தோ விற்றால், அது தனியார் விற்பனையாக இருந்தாலும் லைசென்ஸ் வியாபாரி மூலம் சோதனை நடக்கட்டும். கருத்துக்கணிப்புகளில் பத்தில் ஒன்பது அமெரிக்கர்கள் சரி என்றார்கள். துப்பாக்கி வைத்திருப்பவர்களிலும் பெரும்பான்மை சரி என்றது.

பிறகு சிக்கல் எங்கே?

மூன்று கேள்விகள்

துப்பாக்கி வைத்திருக்கும் சாதாரண அமெரிக்கர், வேட்டைக்குப் போகிறவர், பண்ணை வைத்திருப்பவர், இந்த மசோதாவை எடைபோட்டபோது அவர் மனதில் ஓடியவை மூன்று கேள்விகள்.

முதல் கேள்வி: திருடன் வந்து படிவம் எழுதுவானா? 2013 ஜனவரி 30 அன்று செனட் நீதிக் குழு முன்னால் என்.ஆர்.ஏ. தலைவர்களில் முதன்மையான வெய்ன் லாபியர் கேட்டதும் இதைத்தான். குழுத் தலைவர் பேட்ரிக் லேஹி விடவில்லை. 1999இல் இதே லாபியர் நாடாளுமன்றக் குழு முன் வந்து, துப்பாக்கிச் சந்தையில் ஒவ்வொரு விற்பனைக்கும் சோதனை வேண்டும் என்று தன் வாயால் சொல்லியிருந்தார். அது என்ன ஆயிற்று என்று லேஹி கேட்டார். லாபியரின் பதில்: இருக்கிற சட்டத்தையே நீங்கள் அமல்படுத்துவதில்லை.

அதற்கு ஆதாரமும் அரசாங்கக் கணக்கிலேயே இருந்தது. 2010இல் எஃப்.பி.ஐ. சோதனையில் மறுக்கப்பட்டவை 76,000க்கு மேல். படிவத்தில் பொய் எழுதுவது குற்றம். ஆனால் வழக்குத் தொடர அனுப்பப்பட்டவை 62. பொய் சொல்லி மாட்டியவனையே வீட்டுக்கு அனுப்புகிறீர்கள், என்னை மட்டும் ஏன் வரிசையில் நிறுத்துகிறீர்கள் என்று நேர்மையான உரிமையாளர் கேட்டால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. வழக்கில்லாவிட்டாலும் 76,000 விற்பனை அந்தக் கடைகளில் நின்றதே என்று மறுதரப்பு சொன்னது. அதுவும் உண்மைதான்.

இரண்டாவது கேள்வி: என் தம்பி மகனுக்கு என் ரைபிளைக் கொடுத்தால் நான் குற்றவாளியா? கிராமப்புற அமெரிக்காவில் வேட்டைத் துப்பாக்கி தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வருகிற சொத்து. நவம்பரில் மான் வேட்டை சீசன் தொடங்கினால் அண்டை வீட்டுக்காரர் இரவல் கேட்பார். அதற்கெல்லாம் நாற்பது மைல் தள்ளியிருக்கும் கடைக்குப் போய்க் கட்டணம் கட்டி நிற்க வேண்டுமா?

மூன்றாவது கேள்விதான் மசோதாவின் கழுத்தைப் பிடித்தது. சோதனை முடிந்த பிறகு அந்தக் காகிதம் எங்கே போகும்?

பெட்டி பெட்டியாகக் காகிதம்

இதைப் புரிந்துகொள்ள மான்சினின் சொந்த மாநிலத்துக்கே போக வேண்டும். எஃப்.பி.ஐ.யின் சோதனை மையம் இருக்கும் கிளார்க்ஸ்பர்க், மான்சின் பிறந்த ஊருக்குப் பக்கத்துக் கவுன்டியில் இருக்கிறது. அதே மாநிலத்தின் இன்னொரு மூலையில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற ஊரில் மத்திய அரசின் துப்பாக்கித் தடமறியும் மையம் இருக்கிறது.

நாட்டில் எங்கேயாவது கொலை நடந்து துப்பாக்கி கிடைத்தால் போலீஸ் மார்ட்டின்ஸ்பர்க்கைக் கேட்கும். அங்கே ஒரு பட்டனைத் தட்டினால் சொந்தக்காரர் பெயர் வரும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ஊழியர் போனை எடுத்து முதலில் தயாரித்த கம்பெனியைக் கேட்பார். அவர்கள் மொத்த வியாபாரியைக் காட்டுவார்கள். மொத்த வியாபாரி சில்லறைக் கடையைக் காட்டுவார். கடைக்காரர் தன் அலமாரியில் தேடி 4473 படிவத்தை எடுப்பார்.

கடை மூடியிருந்தால்? மூடிய கடைகளின் படிவங்களெல்லாம் அட்டைப் பெட்டிகளில் மார்ட்டின்ஸ்பர்க்குக்கே வந்து சேரும். நனைந்தவை, கிழிந்தவை, கையெழுத்து புரியாதவை எல்லாம் அதில் அடக்கம். கட்டடத்தின் தரை தாங்காது என்று சரக்கு கன்டெய்னர்களில் போட்டு வெளியே நிறுத்தியிருந்தார்கள். ஸ்கேன் செய்வார்கள், ஆனால் படமாக மட்டும். பெயர் போட்டுத் தேட முடியாது. ஊழியர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட வேண்டும்.

இது அரசாங்கத்தின் சோம்பேறித்தனம் இல்லை. 1986இல் ரீகன் கையெழுத்திட்ட துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம், மத்திய அரசு துப்பாக்கிப் பதிவேடு வைக்கக் கூடாது என்று தடுத்தது. சோதனையில் தேறியவரின் விவரத்தை எஃப்.பி.ஐ. 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும் என்பது அதன் பிறகு வந்த விதி.

ஏன் இவ்வளவு பயம்? துப்பாக்கிக்காரர்கள் இரண்டு நாடுகளைக் காட்டுவார்கள். 1996இல் போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பிறகு ஆஸ்திரேலியா ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கியது. கொடுக்க மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. 1997இல் பிரிட்டன் கைத்துப்பாக்கியையே கிட்டத்தட்ட ஒழித்தது. முதலில் பட்டியல், அப்புறம் பறிமுதல். இதுதான் அவர்கள் படித்த பாடம்.

இந்தப் பயத்தில் எண்ணெய் ஊற்றியது அரசாங்கத்துக்குள்ளேயே தயாரான ஒரு குறிப்பு. 2013 ஜனவரியில் நீதித்துறையின் ஆய்வு நிறுவனத்தில் எழுதப்பட்ட அந்தக் குறிப்பு, எல்லோருக்கும் சோதனை என்பது எந்த அளவுக்குப் பலிக்கும் என்பது துப்பாக்கிகளைப் பதிவு செய்வதையும் பொறுத்தது என்று சொன்னது. என்.ஆர்.ஏ. கையில் அது கிடைத்ததும் விளம்பரமாகிவிட்டது. இது எங்கள் கொள்கை அல்ல என்று அரசாங்கத் தரப்பு சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

மான்சினுக்கு முன்னால் ஒரு பேச்சுவார்த்தை இதே பாறையில் மோதித்தான் உடைந்தது. ஒக்லஹாமாவின் குடியரசுக் கட்சி செனட்டர் டாம் கோபர்ன் சோதனைக்குச் சம்மதித்தார். வாங்குபவரே இணையத்தில் தன்னைச் சோதித்துக்கொண்டு ஒரு அனுமதிச் சீட்டோடு வரட்டும், விற்பவர் காகிதம் எதையும் வைத்திருக்க வேண்டாம் என்பது அவர் யோசனை. நியூயார்க்கின் சக் ஷூமர் ஒப்பவில்லை. காகிதமே இல்லாவிட்டால் சோதனை நடந்ததா என்று போலீசுக்கு எப்படித் தெரியும்? இரண்டு பேர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பேச்சு முறிந்தது.

இனிப்பு தடவிய மசோதா

எனவே மான்சினும் டூமியும் துப்பாக்கிக்காரர்களின் ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு ஷரத்து எழுதினார்கள். குடும்பத்துக்குள் கைமாறுவதற்கும், விளம்பரமில்லாமல் நண்பருக்குக் கொடுப்பதற்கும் சோதனை வேண்டாம். பதிவேடு உருவாக்க முயலும் அதிகாரிக்கு 15 வருடம் வரை சிறை. ஆயுதம் ஏந்தும் பெர்மிட் வைத்திருப்பவருக்கு அந்த பெர்மிட்டே போதும். வெளி மாநிலக் கடையில் கைத்துப்பாக்கி வாங்கவும் வழி. இது துப்பாக்கிக்காரர்கள் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த சலுகை.

இதைப் பார்த்துவிட்டு ஒரு ஆச்சரியம் நடந்தது. ஆலன் காட்லீப் என்பவர் துப்பாக்கி உரிமைக்காகவே வாழ்நாள் முழுக்கப் போராடியவர். ஆறரை லட்சம் உறுப்பினர்கள் உண்டு என்று சொல்லிக்கொண்ட அவருடைய அமைப்பு, மசோதாவை ஆதரிப்பதாக அறிவித்தது. பதிவேட்டுக்கு 15 வருடம் சிறை என்று சட்டத்திலேயே எழுதித் தருகிறார்கள், இதைவிட என்ன வேண்டும் என்பது அவர் வாதம். என்.ஆர்.ஏ.வின் கோட்டைச் சுவரில் முதல் விரிசல்.

ஏப்ரல் 11: மசோதாவை விவாதத்துக்கு எடுக்கலாமா என்ற வாக்கெடுப்பு. ஆதரவு 68, எதிர்ப்பு 31. மான்சின் முகாமில் உற்சாகம்.

ஏப்ரல் 13: ஜனாதிபதியின் வாராந்தர உரை. ஒபாமா பேசவில்லை. சாண்டி ஹூக்கில் ஆறு வயது மகனைப் பறிகொடுத்த தாய், கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினார்.

ஏப்ரல் 15: பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தது. நாட்டின் கவனம் ஒரே நாளில் வேறு பக்கம் திரும்பியது.

அதற்குள் என்.ஆர்.ஏ. முழு வேகத்தில் இறங்கியிருந்தது. இந்த வாக்கு உங்கள் மதிப்பெண்ணில் ஏறும் என்று செனட்டர்களுக்குத் தகவல் போனது. நண்பர்களும் அண்டை வீட்டாரும் தங்களுக்குள் கைமாற்றினாலே குற்றமாகிவிடும் என்ற பிரசாரம் ஊர் ஊராகப் பரவியது. மான்சின் சபையில் எழுந்து, இது பொய் என்று வெளிப்படையாகவே சொன்னார். என்.ஆர்.ஏ.வின் ஆயுட்கால உறுப்பினர் சொன்னது இது.

வாக்கெடுப்பு நெருங்கிய கடைசி நேரத்தில் காட்லீப் பின்வாங்கினார். தண்டனைக் காலம் முடித்தவர்கள் துப்பாக்கி உரிமையைத் திரும்பப் பெறும் வழியைச் சேர்ப்பதற்கு இடம் கிடைக்கவில்லை என்பது அவர் சொன்ன காரணம். விரிசல் மூடிக்கொண்டது.

ஏப்ரல் 17

நடைமுறைப்படி மசோதா தப்பிக்க 60 ஓட்டு வேண்டும். துணை ஜனாதிபதி ஜோ பைடன் அவைத் தலைவர் நாற்காலியில். ஆனால் இது 1999 அல்ல. சமன் ஆகும் வாக்கை உடைத்து ஜெயிக்க வைக்கும் வேலை அவருக்கு இல்லை.

உடல்நலம் குன்றி வாரக்கணக்கில் சபைக்கு வராதிருந்த 89 வயது முதியவர் ஒருவர் சக்கர நாற்காலியில் வந்தார். ஃபிராங்க் லாட்டன்பெர்க். பதினான்கு வருடங்களுக்கு முன் ஜெயித்துத் தோற்ற அதே காரியத்துக்கு மறுபடி ‘ஆம்’ என்றார். அடுத்த ஜூன் 3 அன்று அவர் இறந்துபோனார்.

குடியரசுக் கட்சியில் டூமியோடு ஜான் மெக்கைன், சூசன் காலின்ஸ், மார்க் கிர்க் மூவர் சேர்ந்தார்கள். நாலு பேர் கிடைத்தார்கள். ஆனால் ஜனநாயகக் கட்சியிலிருந்து நாலு பேர் போனார்கள்: அலாஸ்காவின் பெகிச், மொன்டானாவின் பாக்கஸ், ஆர்கன்சாவின் பிரையர், வடக்கு டகோட்டாவின் ஹைடி ஹைட்கேம்ப். நான்கும் வேட்டை மாநிலங்கள்.

ஆதரவு 54, எதிர்ப்பு 46. ஆறு ஓட்டு குறைவு. அதிலும் ஒன்று பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீடின் வாக்கு. தோற்றால் பின்னால் மறுபடி கொண்டுவர உரிமை வேண்டும் என்பதற்காக நடைமுறைத் தந்திரமாக எதிர்ப் பக்கம் போட்டார்.

முடிவை அறிவித்ததும் பார்வையாளர் மாடத்திலிருந்து இரண்டு பெண்களின் குரல் எழுந்தது: “வெட்கக்கேடு!” ஒபாமா வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் பெற்றோர் சூழ நின்று, வாஷிங்டனுக்கு இது வெட்கக்கேடான நாள் என்றார்.

பத்தில் ஒன்பது பேர் ஆதரித்த சட்டம் எப்படித் தோற்றது? ஹைட்கேம்ப் சொன்ன கணக்கில் பதில் இருக்கிறது. அவருடைய அலுவலகத்துக்கு வந்த போன்களில் ஆதரவு ஒன்று என்றால் எதிர்ப்பு ஏழு. கருத்துக்கணிப்பில் ‘சரி’ என்று சொன்னவர் அதோடு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். ‘கூடாது’ என்றவர் போனை எடுத்தார், அடுத்த தேர்தல்வரை அதை மறக்கவும் மாட்டார்.

இன்னொன்றும் உண்டு. சோதனை வேண்டுமா என்று கேட்டால் துப்பாக்கிக்காரர் ‘சரி’ என்பார். அந்தக் காகிதத்தை அரசாங்கம் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டால் ‘முடியாது’ என்பார். மசோதாவைக் கொண்டுவந்தவர்கள் முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை நம்பிக் களத்தில் இறங்கினார்கள். தோற்கடித்தவர்கள் இரண்டாவது கேள்வியை மட்டும் ஊர் ஊராகக் கேட்டார்கள். 15 வருடச் சிறை என்று எழுதிக் கொடுத்தும் நம்பிக்கை வரவில்லை. அரசாங்கத்தை நம்பாதவனுக்கு அரசாங்கமே எழுதிக் கொடுக்கும் உத்தரவாதம் எப்படிச் செல்லும்?

வாஷிங்டன் கைவிட்டதும் சோதனைக் கட்சிக்காரர்கள் வேறு வழி தேடினார்கள். செனட்டர்களைக் கேட்க வேண்டாம், மக்களையே கேட்போம். 2014இல் வாஷிங்டன் மாநிலம் பொது வாக்கெடுப்பில் தனியார் விற்பனைக்குச் சோதனை கொண்டுவந்தது. அந்தத் துணிச்சலில் 2016 நவம்பர் 8 அன்று, டிரம்ப் ஜெயித்த அதே இரவில், இரண்டு வேட்டை மாநிலங்களில் துப்பாக்கிக்காரர்கள் முன்னால் இதே கேள்வி வாக்குச் சீட்டாக வந்தது. மெய்ன் மாநிலம் ‘கூடாது’ என்றது. நெவாடாவின் 17 கவுன்டிகளில் பதினாறு ‘கூடாது’ என்றன. லாஸ் வேகாஸ் இருக்கும் கிளார்க் கவுன்டி ஒன்று மட்டும் ‘ஆம்’ என்றது. அந்த ஒன்றின் பலத்தில், பதினோரு லட்சம் வாக்குகளுக்கு மேல் பதிவான தேர்தலில், பத்தாயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் சட்டம் ஜெயித்தது.

அடுத்த மாதம் எஃப்.பி.ஐ.யிடமிருந்து நெவாடாவுக்கு ஒரு கடிதம் வந்தது. ஜெயித்த சட்டம் ஒரு நாள்கூட அமலுக்கு வராமல் மூன்று வருடம் படுத்துவிட்டது. இத்தனைக்கும் அந்தக் கடிதத்துக்கு வழிவிட்டது துப்பாக்கிக்காரர்கள் இல்லை, சட்டத்தை எழுதியவர்களே போட்ட ஒரு வரி. அது என்ன வரி என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)